பக்கத்தில் நின்றவருக்கு ஏன் தெரியவில்லை?

அந்தக் கிளிப்பை நேற்றிலிருந்து எனக்கு அனுப்பியவர்கள் பதினோரு பேர். போதும், பார்த்துவிட்டேன். ஒரு கூடைப்பந்து ஆட்டம், கடைசி அரை நிமிடம், ஒரு பாயிண்ட் வித்தியாசம். ரிங்குக்குப் பின்னால் பேஸ்லைனில் நிற்கிற ரெஃப்ரி விசிலை வாயில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறார், எதிர்ப்பக்கம் நிற்கிறவர் ஊதுகிறார். அதற்கு ஒரு சிவப்பு வட்டம், ஒரு அம்புக்குறி, மேலே ஒரு வாசகம்: "ரெண்டடியில நிக்கறவனுக்குத் தெரியாதது இருபதடியில நிக்கறவனுக்கு எப்படிடா தெரிஞ்சுது?"

தெரியும்ங்க. இருபதடியில் நின்றால்தான் சில விஷயம் தெரியும்.

வீட்டில் இரண்டு பேரை எதிரெதிரே நெருக்கமாக நிற்கச் சொல்லுங்கள். ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிப்போய் நீங்கள் நில்லுங்கள். முன்னால் இருக்கிறவர் இவருடைய கையைத் தட்டுகிறாரா, பந்தைத் தட்டுகிறாரா? சொல்ல முடியாது. முதுகும் சட்டை நம்பரும்தான் தெரியும். இப்போது பக்கவாட்டில் இரண்டு எட்டு நகருங்கள். இரண்டு உடம்புக்கும் நடுவே ஒரு சந்து திறக்கும். ரெஃப்ரி வேலை முழுக்க அந்தச் சந்தைத் தேடி ஓடுவதுதான். அது மூடிப்போனால் 'ஸ்ட்ரெயிட்லைன் ஆயிட்டேன்' என்போம். கிளிப்பில் லீடுக்கு, அதாவது பேஸ்லைனில் நின்றவருக்கு, நடந்தது அதுதான். பந்து வைத்திருந்தவர் பேஸ்லைன் பக்கம் முதுகைத் திருப்பிவிட்டார். அடி விழுந்தது அவருடைய முழங்கையில், அதுவும் மறுபக்கத்தில். அந்தப் பக்கம் திறந்திருந்தது சென்டருக்கு, அதாவது எதிர்ப்பக்கம் நின்று ஊதியவருக்கு, மட்டும்.

28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், பத்து ஆட்டக்காரர்கள். இதற்காகத்தான் மூன்று பேரை நிறுத்துகிறார்கள். லீட் பேஸ்லைனில், ட்ரெயில் பந்துக்குப் பின்னால், சென்டர் எதிர்ப்பக்கத்தில். பந்து மறுபக்கம் போனால் லீட் பேஸ்லைன் ஓரமாகவே அந்தப் பக்கம் கடப்பார். அதைப் பார்த்து சென்டர் ட்ரெயிலாவார், ட்ரெயில் சென்டராவார். யாரும் கத்திச் சொல்வதில்லை, கண்ணால்தான் பேச்சு. ஒருவர் கவனிக்காமல் விட்டால் ஒரே பக்கத்தில் மூன்று பேரும் நிற்போம், மறுபக்கம் ரிங்குக்குக் கீழே குத்துச்சண்டையே நடக்கும். மூன்று பேரும் பந்தையே பார்த்தால் மூன்று பேர் எதற்கு? டிக்கெட் வாங்கியவர்கள் ஏற்கெனவே அந்த வேலையைச் செய்கிறார்கள்.

"சரி, விசில் ஏன் லேட்?" என்று ஒரு நண்பர். தனக்குப் பக்கத்து ஏரியாவில் அடி விழுந்தால் சென்டர் ஒரு கணம் பொறுத்து, லீட் எடுக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் ஊத வேண்டும். அதை மரியாதை என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். உங்கள் மீமில் அதற்குப் பெயர் 'யோசிச்சு அடிச்ச விசில்'. யோசித்துத்தான் ஐயா அடிக்க வேண்டும்.

விசிலுக்குப் பிறகு இருவரும் நாலு விநாடி பேசிக்கொண்டார்களாம், "டீல் பேசறாங்க"வாம். பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதியாட்டத்தைப் பாருங்கள். சோவியத் பெஞ்ச் டைம் அவுட் கேட்டதா, ஸ்கோரும் கடிகாரமும் பார்க்கிற டேபிளுக்கு அது எப்போது தெரிந்தது, ரெஃப்ரிக்கு யார் சொன்னது, எல்லாமே குழப்பம். கடிகாரத்தைச் சரியாகத் திருப்பி வைப்பதற்குள் பந்தைக் கொடுத்துவிட்டார்கள். கடைசி 3 விநாடிக்காகப் பந்து மூன்று முறை உள்ளே வீசப்பட்டது. 51-50, சோவியத் வெற்றி. அமெரிக்கர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்கவே இல்லை. ரெஃப்ரி ரெனாட்டோ ரிகெட்டோ ஸ்கோர்ஷீட்டில் கையெழுத்துப் போட மறுத்தார். நாலு விநாடி பேச்சு உங்களுக்கு உறுத்துகிறது!

உடனே "டிம் டோனகி?" என்று ஒரு கமெண்ட் வரும். தெரியும். அமெரிக்காவின் என்பிஏ லீகில் ரெஃப்ரியாக இருந்த அவர், 2007-ல் சூதாடிகளுக்குத் தகவல் கொடுத்ததை ஒப்புக்கொண்டு ஜெயிலுக்குப் போனார். அதற்காக விசில் பிடித்த அத்தனை பேரும் திருடனா? அடுத்த கேள்வி.

ரெஃப்ரிகள் தப்பே செய்வதில்லையா? செய்கிறோம். என்பிஏ 2015-லிருந்து நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத்தைப் பிரித்துப் போட்டு, எது சரி, எது தப்பு என்று அவர்களே வெளியிடுகிறார்கள். உங்கள் ஆபீஸில் நேற்று நீங்கள் செய்த வேலையை அப்படி யாராவது வெளியிடுகிறார்களா?

கோபம் வருகிறது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

பல வருடம் முன்பு, இரண்டு பேர் மட்டும் நடத்துகிற ஆட்டம். நான் புதிது, என் பார்ட்னர் மிக சீனியர். ஆட்டத்துக்கு முன்னால் பேச நோட்டில் கேள்வி எழுதிக்கொண்டு போயிருந்தேன். "அண்ணா, லேன்ல டபுள் விசில் வந்தா யார் எடுக்கறது?" ரிங்குக்கு முன்னால் கோடு போட்ட கட்டம்தான் லேன்; இருவரும் ஒரே நேரத்தில் ஊதினால் டபுள் விசில். அவர் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "பாத்துக்கலாம் தம்பி" என்றார்.

நாலாவது குவார்ட்டரில் வந்தது. இருவரும் ஊதினோம். முஷ்டியை மட்டும் தூக்கி நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பதற்றத்தில் நான் இரண்டு கையையும் இடுப்பில் வைத்து பிளாக், அதாவது டிஃபெண்டர்மேல் தப்பு என்று காட்டிவிட்டேன். அதே கணம் அவர் உள்ளங்கையில் முஷ்டியைக் குத்தி சார்ஜ், அதாவது பந்து வைத்திருந்தவர்மேல் தப்பு என்று காட்டினார். கோர்ட்டுக்கு நடுவே இரண்டு பேர், இரண்டு தீர்ப்பு. முதல் வரிசையில் ஒரு குழந்தைகூட என்னைப் போல இடுப்பில் கை வைத்துக் காட்டிச் சிரித்தது. அது பரவாயில்லை. தோற்ற கோச்சிடம் இவர் போய், என் காது கேட்க, "அவனுக்கு ஆங்கிளே இல்ல சார், நான் சொல்லியும் கேக்கல" என்றார்.

ஆங்கிள் எனக்கு இருந்தது. அந்தச் சந்து இன்னும் கண்ணில் நிற்கிறது. டிஃபெண்டரின் வலது கால் அப்போதும் நகர்ந்துகொண்டிருந்தது. சரி, நான் தப்பாகவே பார்த்திருக்கட்டும். "நாங்க ரெண்டு பேரும் பேசியிருக்கணும்" என்று சொன்னால் நாக்கு தேய்ந்தா போகும்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கிளிப்பை எனக்கு அனுப்பிய பதினோரு பேரில் பத்துப் பேர் விவரம் தெரியாதவர்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமே இல்லை. பதினோராவது ஆள் அதே அண்ணன். சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டு, "சென்டர் அவன் ஏரியாவைப் பார்த்திருக்கலாம்" என்று எழுதியிருக்கிறார். முப்பத்தெட்டு லைக்.

அண்ணா, நானும் ஒரு லைக் போடுகிறேன். அதற்கு முன்னால், லேனில் டபுள் விசில் வந்தால் யார் எடுப்பது? நோட்டில் அந்தக் கேள்விக்குக் கீழே இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.