வில்லுக்குப் பாம்புத் தோல் கேட்கும் மருமகன்

அக்கா மகன் ஆறு மாசமா மூங்கில் வில் செய்றான். நாகமலைப் புதுக்கோட்டையில் அவங்க மொட்டைமாடி பூரா மூங்கில் சீவல். போன வாரம் போன் பண்ணி, "மாமா, மேலூர்ப் பக்கம் யார்ட்டயாச்சும் பாம்புத் தோல் கிடைக்குமா?"ன்னான்.

யூடியூப்ல அமெரிக்காக்காரன் வில்லு மேல பாம்புத் தோல் ஒட்டுறதைப் பார்த்திருக்கான். நானும் பார்த்தேன். அழகுதான், இல்லேன்னு சொல்லல. ராட்டில்ஸ்நேக் தோல், நடு முதுகுல வரிசையா டைமண்ட் கட்டம். ஒரே அளவுல ரெண்டு பாம்பு எடுக்கிறான், வில்லோட மேல்கைக்கு ஒண்ணு, கீழ்கைக்கு ஒண்ணு. வால் பக்கம் வில் நுனிக்குப் போகும், ரெண்டுமே அங்கதானே ஒடுங்குது. கட்டம் நடுக்கோட்டை விட்டு நூலளவு விலகினாலும் வில்லே கோணலாத் தெரியும். ஊறவச்சு, பசை தடவி, காத்துக் குமிழி இல்லாம விரலால நீவி விட்டு, காய்ஞ்சதும் செதிலை டேப் வச்சு உரிச்சு எடுக்கிறான்.

சரி, அதனால அம்பு கூடுதலா ஒரு அடி போகுமா? போகாது. அவங்க மர வில்லோட முதுகுல, அதாவது குறியைப் பார்த்த பக்கத்துல, மான் நரம்பை ஒட்டுவாங்க. நரம்பு ஈரம் பட்டா தொய்யும், அதுக்குத் தோல் ஒரு மூடாக்கு. மத்தபடி அழகுதான். மூங்கிலுக்கு அந்தக் கவலையே இல்ல. வெளிப்பக்கத்து வழவழப்புதான் வில்லோட முதுகு, அந்த நாரே இழுவையைத் தாங்கிக்கும். கணுவை மட்டும் ஆழமாச் சீவிடக்கூடாது.

இதைப் பேச எனக்கு யோக்கியதை இருக்கான்னா, பாவம் பண்ணின யோக்கியதை இருக்கு. எட்டாப்பு படிக்கையில வரப்புல யாரோ அடிச்சுப் போட்ட சாரையைத் தூக்கிட்டு வந்து தோல் உரிச்சேன். வயித்துப் பக்கம் கீறணும்னு தெரியாம முதுகுல கீறிட்டேன். கல்லுப்பு தடவிப் பலகையில ஆணியடிச்சா, ரெண்டாம் நாள் எறும்பு, மூணாம் நாள் நாத்தம். அம்மா விளக்குமாத்தோட வந்துச்சு. அந்தச் சாரை உசுரோட இருந்திருந்தா எத்தனை எலியைத் தின்னிருக்கும்னு அப்ப எனக்கு உறைக்கல.

இப்ப அதைச் செஞ்சா விளக்குமாத்தோட போகாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல சாரை, நல்லபாம்பு, கண்ணாடி விரியன், மலைப்பாம்பு எல்லாமே வருது. "தானாச் செத்ததுதான் சார்"னு வனத்துறைக்காரர்கிட்ட சொல்லிப் பார்க்கலாம். பாம்புத் தோல் ஏற்றுமதிக்கு 1976லயே தடை போட்டாச்சு. தோலை நம்பிப் பிழைச்ச இருளர்களே 1978ல கூட்டுறவுச் சங்கம் வச்சு, பாம்பைப் பிடிச்சு விஷம் எடுத்துட்டுத் திரும்பக் காட்டுல விடுற தொழிலுக்கு வந்துட்டாங்க. இவனுக்கு மட்டும் என்ன அவசரம்?

"அப்ப உரிச்சுப் போட்ட சட்டையை ஒட்டவா மாமா?"ன்னான். விடாக்கண்டன். சட்டைங்கிறது மேல்பொறை மட்டும்டா, நிறம் அதுக்குக் கீழ உள்ள தோல்ல நின்னுபோகும். பாலித்தீன் பை ஒட்டின மாதிரி இருக்கும்னேன்.

அவன் வீட்டு வாசல்ல நின்னாலே நாகமலை தெரியுது. மதுரையை விழுங்க வந்த நாகத்தைப் பாண்டியன் அம்பெய்து சாய்ச்ச கதையைச் சின்னதுல நான்தான் அவனுக்குச் சொன்னேன். அந்தப் பாண்டியன்கூடத் தோலை உரிச்சு வில்லுல ஒட்டல!

நான் சொன்ன யோசனை சுங்குடி. துணி ஒட்டின வில் உலகத்துல புதுசு இல்ல, பட்டும் லினனும் ஒட்டுறாங்க. விளக்குத்தூண் பக்கம் போனா அரக்கு, கரும்பச்சை, நீலம்னு கிடைக்கும். அச்சடிச்சது வேண்டாம், கையால முடிச்சுப் போட்டுச் சாயம் ஏத்தினது வேணும். அதுல ஒரு புள்ளி மாதிரி இன்னொரு புள்ளி இருக்காது. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல முடிச்சு இருந்த இடம் லேசாப் புடைச்சு நிக்கும். தள்ளி நின்னு பார்த்தா செதில்தான்.

நேத்து அரக்குச் சுங்குடியை ஒன்றரை அங்குல அகலத்துக்குக் கத்தரிச்சு, ஃபெவிக்கால்ல ஒட்டி, போட்டோ அனுப்பியிருந்தான். மேல்கையில புள்ளி வரிசை நேரா ஓடுது. கீழ்கையில கோணிருச்சு. துணி எங்கிருந்துடான்னு கேட்டேன். பதில் வரல. அரை மணி நேரம் கழிச்சு அவன் அம்மாச்சிகிட்ட இருந்து எனக்குப் போன்.