என் அம்மா கோழை இல்லை

சித்தப்பாவின் படத்திறப்பில் அந்தப் பேச்சாளர் பேசியதை வந்திருந்தவர்கள் எல்லாரும் கேட்டீர்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் காலைப் பிடிப்பவன் கோழை என்றார். முன்வரிசையில் நெற்றி நிறையத் திருநீறோடு அம்மா உட்கார்ந்திருந்தார். சிலர் கைதட்டினார்கள். இரண்டு நாளாகியும் எனக்கு ஆறவில்லை.

கடவுள் இல்லை என்று அவர் சொல்லட்டும். சித்தப்பாவும் அதையேதான் சொன்னார். எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மாவோடு அவர் போடாத வாதமா? ஆனால் அண்ணியைக் கோழை என்று ஒருநாளும் சொன்னதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அம்மா எப்படி எழுந்து நின்றார் என்று பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர்.

கடலூர் தேவனாம்பட்டினத்தில் அன்று அப்பா போனார். படகு, வலை, வீடு எல்லாம் போயின. எனக்கு 11 வயது, தம்பிக்கு 6. கடல் பக்கம் திரும்பிப் பார்க்கவே பலருக்கு நடுக்கம். இரண்டு மாதத்தில் மாசி மகம் வந்தது. அம்மா எங்களை ஆளுக்கொரு கையில் பிடித்துக்கொண்டு கடலுக்கு நடந்தார். என் மணிக்கட்டு சிவந்துபோகும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தார். பயம் இல்லாமல் இல்லை. பயத்தோடுதான், சிவசிவா என்று முணுமுணுத்துக்கொண்டே முழங்கால் தண்ணீரில் இறங்கினார். மறுவாரமே மீன்கூடையைத் தலையில் தூக்கினார். அப்பாவைக் கொண்டுபோன அதே கடலின் மீனை விற்றுத்தான் எங்களைப் படிக்க வைத்தார். இதுவா கோழைத்தனம்?

கடவுள் இருந்தால் உன் அப்பாவை ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்பீர்கள். கேளுங்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். என்னிடம் பதில் இல்லை, அம்மாவிடமும் இல்லை. ஆனால் நான் இப்போது பேசுவது அதைப் பற்றி இல்லை. தைரியத்தைப் பற்றி.

கடலூர்க்காரர்களுக்கு அப்பரைச் சொல்லித்தர வேண்டாம். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்டவர் கரையேறியதாகச் சொல்லும் திருப்பாதிரிப்புலியூர் இங்கேதான் இருக்கிறது. கல் மிதந்ததா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், அதை விடுங்கள். அதற்கெல்லாம் முன்பே பல்லவ அரசன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது, நாங்கள் யாருக்கும் குடியல்ல, எமனுக்கும் அஞ்சமாட்டோம் என்று சொல்லி வரமறுத்தாரே! அவரை அடைத்த நீற்றறையும் (சுண்ணாம்புக் காளவாய்) அவர்மேல் ஏவிய யானையும் அதற்குப் பிறகுதான் வந்தன. கல் மிதக்கும் என்று அன்றைக்கு அவருக்கு யார் வாக்குக் கொடுத்தது? பாலுக்குள் நெய்போல மறைந்து நிற்கிறான் என்று பாடினாரே, கண்ணில் படாத அந்த ஒருவனை நம்பித்தானே அரசனையே மறுத்தார்?

பக்தியை வைத்து ஏமாற்றுகிறவர்கள் இல்லையா என்பீர்கள். இருக்கிறார்கள். அவர்களைத் திட்டுங்கள், நானும் கூட வருகிறேன். கூடை சுமந்து பிள்ளைகளை வளர்த்தவரை ஏன்?

மேடையில் பொதுவாகத்தான் பேசினார், உன் அம்மாவைச் சொல்லவில்லை என்று நேற்று ஒரு உறவினர் சமாதானம் சொன்னார். அந்தக் கூடத்தில் திருநீறு பூசிய நெற்றி எத்தனை இருந்தது? நான் பார்த்தவரை ஒன்றுதான்.

ஆட்டோவில் வரும்போது அம்மா வெகுநேரம் பேசவில்லை. வீடு நெருங்கும்போது, "ஏம்மா, உங்க சித்தப்பாவும் மனசுக்குள்ள என்னை அப்படித்தான் நெனச்சிருப்பாரா?" என்று கேட்டார். அந்த மனிதர் உயிரோடு இருந்தால் ஓடிவந்து இல்லை என்று சொல்லியிருப்பார். இப்போது யாரிடம் கேட்பது?

பேச்சாளர் ஐயா, என்னிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டாம். காலை ஐந்து மணிக்கெல்லாம் அம்மா துறைமுகத்துக்குக் கிளம்பிவிடுவார். அதற்கு முன்னால் வீட்டுக்கு வந்து அவரிடம் சொல்லுங்கள்.