வட்டத்துக்குள் வீடு இருந்தால் இணையம் வந்துவிடுமா?

நம் குழுவில் இந்த வாரம் சுற்றிய அந்த வரைபடத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இங்கிலாந்தில் வீடு தேடும் நம் பிள்ளைகள் அதை நம்பி முடிவெடுக்கத் தொடங்கியிருப்பதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு தொலைபேசி எக்ஸ்சேஞ்சையும் (ஒரு வட்டாரத்தின் இணைப்புக் கம்பிகள் எல்லாம் வந்து சேரும் நிலையம்) நடுவில் வைத்து வட்டம் போட்டு, உள்ளே பச்சை பூசி, அதைப் பிராட்பேண்ட் கிடைக்கும் பரப்பு என்று சொல்வது தவறு.

செம்புக் கம்பியில் வரும் சமிக்ஞை கம்பியின் நீளத்துக்கு ஏற்பத் தேய்கிறது. வரைபடத்தில் நாம் அளக்கும் நேர்கோட்டுத் தூரம் அதற்குத் தெரியாது. கம்பி சாலையோரமாகப் போகும், தண்டவாளத்தைப் பாலம் இருக்கும் இடத்தில்தான் கடக்கும், ஆகவே இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்கு நான்கு கிலோமீட்டர் கம்பி ஓடியிருக்கலாம். விநாடிக்கு 24 மெகாபிட் வேகம் என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஏடிஎஸ்எல் 2 பிளஸ் என்ற செம்புக் கம்பி இணையச் சேவை, அந்த நீளத்தில் சில மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். சில தெருக்களில் செம்புக்குப் பதிலாக அலுமினியக் கம்பி புதைத்திருக்கிறார்கள். அங்கே நிலைமை இன்னும் மோசம்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. 2010 முதல் தெருவோர கேபினெட் (வீடுகளின் கம்பிகளைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வரை ஃபைபர், அதாவது கண்ணாடி இழைக் கம்பி, வந்தபோது, கேபினெட் வழியாகச் செல்லாமல் எக்ஸ்சேஞ்சிலிருந்து நேராக இழுக்கப்பட்ட இணைப்புகள் முதலில் விடுபட்டுப் போயின. அதாவது எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்திலேயே குடியிருந்த பலர், வட்டத்தின் நட்டநடுவில் இருந்தபடியே, புதிய வேகம் கிடைக்காமல் காத்திருந்தார்கள்.

நாங்கள் வீடு வாங்கியபோதும் இதே போன்ற ஒரு படத்தைத்தான் காட்டினார்கள். 2020 ஊரடங்கில் என் மகள் வகுப்பின் பாதியில் துண்டிக்கப்பட்டு, திரும்ப நுழைவதற்குள் பாடம் கடந்துபோய், ஆசிரியரிடம் மன்னிப்புக் கேட்பதையே வழக்கமாக்கிக் கொண்டாள். இணைப்பு தந்த நிறுவனத்தைக் கேட்டால், "உங்கள் முகவரி சேவைப் பரப்புக்குள்தான் இருக்கிறது" என்பதே பதில். அந்த வாக்கியத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

தோராயமாகவாவது பயன்படுமே என்கிறார்கள். வாழ்நாள் கடனில் வீடு வாங்குகிறவருக்குத் தோராயம் எதற்கு? முகவரியைக் கொடுத்தால் அந்த வீட்டுக்கு என்ன கிடைக்கும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் தளம் இலவசமாகச் சொல்கிறது. இப்போது எல்லா இடத்துக்கும் ஃபைபர் வந்துவிட்டதே என்பவர்களுக்கு: எல்லா இடத்துக்கும் இன்னும் வரவில்லை. வந்த இடத்திலும் எக்ஸ்சேஞ்ச் வட்டத்துக்குப் பொருளில்லை, ஏனெனில் நாட்டிலுள்ள சுமார் 5,600 எக்ஸ்சேஞ்சுகளில் ஏறத்தாழ ஆயிரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடுவதே திட்டம்.

"நீங்கள் என்ன தொலைத்தொடர்புப் பொறியாளரா?" என்று ஒருவர் கேட்டார், அதற்குப் பலர் விருப்பக்குறியும் இட்டிருந்தார்கள். வலித்தது. அந்தக் கம்பியின் கடைசி முனையில் குடும்பம் நடத்தியவளுக்கு இதைப் பற்றிப் பேச வேறு தகுதி தேவையா?

2020 மார்ச்சிலிருந்து குறைந்தது 10 மெகாபிட் இணைப்பைக் கேட்டுப் பெறும் உரிமை இங்கே சட்டத்தில் இருக்கிறது. அந்த உரிமை வீட்டுக்குத் தரப்பட்டது, பரப்புக்கு அன்று. ஆனால் ஒரு ஊரைப் பச்சையாக்கிவிட்டால் அங்கே இணைப்பு இல்லாத வீடுகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அவர்கள் புகார் செய்தாலும் பொய் சொல்வதாகவே மற்றவர்களுக்குத் தோன்றுகிறது. படத்தை வரைந்தவர் அதை நீக்க வேண்டும். நீக்க மனமில்லையென்றால், இது கம்பியின் நீளத்தைக் கணக்கில் எடுக்காத படம் என்று அதன் மேலேயே எழுதட்டும்.