திருவிழா வரிக்குக் கணக்கு உண்டு, தேர்தல் செலவுக்கு?

ஊர்த் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி பிரிக்கிற மாதிரி தேர்தல் செலவுக்கும் ஊரிடமே காசு பிரிக்க வேண்டும். பிரித்த காசுக்கு ஊரைக் கூட்டி வைத்துக் கணக்கும் சொல்ல வேண்டும். நான் வேலை செய்கிற கட்சி முதலில் இதைச் செய்ய வேண்டும், மற்ற கட்சிகளும் செய்தால் இன்னும் நல்லது. 2024 மக்களவைத் தேர்தலுக்காக மார்ச் நடுவிலிருந்து இந்த ஜூன் வரை மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வெயிலோடு வெயிலாக அலைந்து நான் வந்து சேர்ந்திருக்கிற முடிவு இது. நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கட்சி என்றதும் மேடையும் மைக்கும்தான் பலருக்கு நினைவு வருகிறது. மார்ச் 16 அன்று தேர்தல் தேதியை அறிவித்தார்கள். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுக்கும் ஏப்ரல் 19 ஒரே நாளில் வாக்குப்பதிவு. பூத் கமிட்டியில் என் பொறுப்புக்கு வந்தது எங்கள் பாகத்து, அதாவது எங்கள் வாக்குச்சாவடிக்குரிய, வாக்காளர் பட்டியல். யார் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள், யாருக்குக் கல்யாணமாகி வெளியூர் போயும் பெயர் இங்கேயே கிடக்கிறது, எந்த வீட்டுத் தாத்தா காலமாகியும் பட்டியலில் இருக்கிறார் என்று வீடு வீடாகக் கேட்டுக் குறிக்க வேண்டும். 85 வயது தாண்டியவர்கள் 12டி படிவம் கொடுத்தால் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம் என்பதே பாதி வீடுகளுக்குத் தெரியாது. படிவத்தைக் கையில் கொடுத்து விளக்கினால்தான் நம்பினார்கள்.

காலையில் நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க்கரைக்குப் போய்விடுவோம். ஊர்ப் பெண்கள் எல்லாரையும் ஒரே இடத்தில் பார்க்க அதைவிட வசதியான இடம் இல்லை. 2024 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக் கூலி 294 ரூபாயிலிருந்து 319 ஆனது. நாங்கள் கொள்கையைப் பேசப் போனால் அவர்கள், "அறிவிப்பு 319, கைக்கு எம்புட்டு வரும்? அதச் சொல்லு தாயி" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்து வைத்துக்கொண்டு போன நாட்களில் மட்டும்தான் எங்களை உட்கார வைத்துப் பேசினார்கள்.

ஆனால் தெருவைச் சுற்றி முடிக்கும்போது வேறொரு கேள்வி வரும். ஒரு அப்பத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "மத்தவுகல்லாம் குடுக்குறாகளாம். நீங்க எப்பத்தா குடுப்பீக?" அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை வாசலுக்கு வருகிற ஆட்களிடம் வேறு எதையும் கேட்டு வாங்கிவிட முடியாது என்று அனுபவம் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. வாசலில் கேட்டால் கிடைப்பது காசு போட்ட அந்தக் கவர் ஒன்றுதான்.

எங்கள் மாவட்டத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு கெட்ட பெயரே உண்டு. 2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு, ஓட்டுக்குக் காசு பட்டுவாடா செய்வதற்கே 'திருமங்கலம் ஃபார்முலா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வேறு ஊர்கள்: 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர். 2017-இல் ஆர்.கே.நகர். 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதி. பணம் புழங்கியதால் தேர்தலையே தள்ளிவைக்கவோ ரத்து செய்யவோ வேண்டியதான ஊர்ப் பட்டியல் இது. மதுரைக்காரியாக எனக்கு இதில் வெட்கம் உண்டு. அதே சமயம் இதே மதுரை மாவட்டத்துக் கிராமங்களில் பொதுக்காசை எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்த்து வளர்ந்தவள் என்பதால் கோபமும் உண்டு.

எங்கள் ஊர் வைகாசித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதற்கு முன்னால் ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் ஊர்க்கூட்டம் போடுவார்கள். தலைக்கட்டுக்கு எவ்வளவு வரி என்று அங்கேதான் முடிவாகும். இந்த வருஷம் 2,000 ரூபாய். கணவனை இழந்த பெண்கள் வீட்டுக்குப் பாதி வரி. சிங்கப்பூரில் இருப்பவருக்கும் அதே வரிதான், ஆடு மேய்ப்பவருக்கும் அதே வரிதான். சாமிக்கு மண் குதிரையான புரவி செய்யும் வேளாருக்கு, மைக் செட்டுக்கு, நாடகத்துக்கு, பூவுக்கு என்று எல்லாச் செலவும் நோட்டில் ஏறும். சாமி மலையேறி விழா முடிந்த பிறகு மறுபடியும் கூட்டம் கூட்டி வரவு செலவை வாசிப்பார்கள்.

போன வாரம் அந்தக் கூட்டம் நடந்தது. மந்தையில் பெண்கள் உட்கார இன்னும் இடமில்லை. அதையும் ஒரு நாள் மாற்றத்தான் போகிறோம். நாங்கள் எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். சீரியல் பல்பு கட்டியதற்கு எழுதியிருந்த தொகை, கூட்டத்தில் பேசி முடிவு செய்ததைவிட 600 ரூபாய் அதிகம். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். நாலு வெள்ளாடு வைத்திருக்கிறார், சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. "பேசுனது ஒண்ணு, எழுதியிருக்கது ஒண்ணு. அதென்னன்னு சொல்லிட்டு மேல வாசிங்க" என்றார். வாசித்துக்கொண்டிருந்தவர் ஊரில் பெரிய கை. அவர் நிறுத்தி, கடைசி நாள் கூடுதலாக ஒரு தெருவுக்கு லைட் போட்டதை விளக்கி, கடைக்காரர் கொடுத்த ரசீதை எடுத்து நீட்டினார். அது நாலு கை மாறி, கேட்டவரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அப்புறம்தான் அடுத்த செலவு வாசிக்கப்பட்டது.

கேட்டவருக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? அவர் கொடுத்த 2,000 ரூபாயிலிருந்து வந்தது. அதே மனிதரால் தேர்தல் முடிந்த பிறகு எந்தக் கட்சிக்காரரிடமாவது, எங்கள் கட்சி உட்பட, "எங்க பூத்துக்கு எவ்வளவு செலவு பண்ணினீக?" என்று கேட்க முடியுமா? முடியாது. கொடுத்தவன் கேட்பான், வாங்கியவன் வாயை மூடிக்கொள்வான். கவர் கொடுப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஓட்டை வாங்குவதோடு, அடுத்த ஐந்து வருஷத்துக்குக் கேள்வியையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார்கள்.

ஏப்ரல் முதல் வாரத்தில் எங்கள் விழாக் கமிட்டிப் பொருளாளர் முன்பணம் கொடுக்க மதுரைக்குக் காசு கொண்டுபோனார். பறக்கும் படை வண்டியை நிறுத்தியது. தேர்தல் நேரத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் ஆவணம் காட்ட வேண்டும். அவரிடம் இருந்தது வரி நோட்டு மட்டும்தான். ஒவ்வொரு தலைக்கட்டின் பெயர், கொடுத்த தேதி, தொகை, பக்கத்தில் கையெழுத்தோ கைநாட்டோ. அதிகாரிகள் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார்கள், ஊருக்கு போன் போட்டு விசாரித்தார்கள், விட்டுவிட்டார்கள். அன்று இரவு அவர் இதைச் சொல்லும்போது எனக்கு ஒன்றுதான் ஓடியது. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் ஊரே தன் காசுக்குச் சாட்சி சொல்ல முடிகிறது. நாட்டை ஆளப் போகிறோம் என்று ஓட்டுக் கேட்கிறவர்களிடம் அப்படி ஒரு நோட்டு ஏன் இல்லை?

வாக்குப்பதிவு நாளன்று நான் பூத் ஏஜென்ட். காலை ஐந்தரைக்கே மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது 50 ஓட்டுப் போட்டு, எண்ணிச் சரிபார்த்து, அழித்துவிட்டுத்தான் ஏழு மணிக்கு உண்மையான வாக்குப்பதிவைத் தொடங்குவார்கள். மாலையில் 17சி படிவத்தில் மொத்தம் எத்தனை ஓட்டு என்று எழுதி, ஏஜென்ட்களிடம் நகல் கொடுப்பார்கள். ஒரு ஓட்டு கூடினாலும் குறைந்தாலும் விளக்கம் சொல்லியாக வேண்டும். ஓட்டுக்கு இவ்வளவு கறாரான கணக்கு. அந்த ஓட்டை வாங்குவதற்காகக் கொட்டிய பணத்துக்கு? மக்களவை வேட்பாளர் ஒருவர் 95 லட்சம் வரை செலவு செய்யலாம் என்று உச்சவரம்பு இருக்கிறது. கட்சி தன் பொதுப் பிரசாரத்துக்குச் செய்யும் செலவுக்கு உச்சவரம்பே இல்லை. தேர்தல் பத்திரம் என்று யார் கொடுத்தார்கள் என்றே தெரியாமல் கட்சிகளுக்குப் போய்க்கொண்டிருந்த பணத்தை, 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அரசியலமைப்புக்கு விரோதம் என்று சொல்லி நிறுத்தியது. அந்தத் தீர்ப்பு வந்த அன்று நான் மிகவும் சந்தோஷப்பட்டேன். ஆனால் பெரிய பணத்தை நிறுத்தினால் மட்டும் போதாது, அந்த இடத்தில் சின்னப் பணம் வந்து உட்கார வேண்டும்.

வரும் என்பதற்கு நேரிலேயே ஒரு சாட்சி பார்த்தேன். எங்கள் வாக்குப்பதிவு முடிந்த மறுநாள், ஒரு வேன் பிடித்து போடிமெட்டு வழியாக மூணாறுக்குப் போனோம். இடுக்கித் தொகுதிக்கு ஏப்ரல் 26 வாக்குப்பதிவு. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயங்களில் இருப்பவர்களில் நிறையப் பேர் தமிழ்க் குடும்பங்கள், அவர்களிடம் தமிழில் பேச ஆள் வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். மேலூர் வெயிலில் காய்ந்துவிட்டு அந்தக் குளிரில் இறங்கியதும் பாதிக் களைப்பு போய்விட்டது. சாயங்காலம், இலை எடை போட்டுவிட்டு வரும் பெண்கள் வழியில் கட்சிக்காரர்கள் பிளாஸ்டிக் பக்கெட்டும் ரசீது புத்தகமுமாக நின்றார்கள். எனக்கு நம்ப முடியவில்லை. ஓட்டுக் கேட்கிறவர்களே காசும் கேட்கிறார்களே! ஒரு அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து இருபது ரூபாய் போட்டார். ரசீது எழுதப் பேனா தேடிக்கொண்டிருந்தார்கள். அவர் கூடையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு நின்று, ரசீதை வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தார். இருபது ரூபாய் அந்தக் கூலியில் சின்னக் காசு இல்லை. அந்த அக்காவின் வீட்டுக்கு அடுத்த முறை போகிற வேட்பாளர் பதில் சொல்லத் தயாராகத்தான் போக வேண்டும்.

கேரளாவில் நடக்கும், இங்கே நடக்காது என்று சிலர் சொல்வார்கள். இங்கேயும் நடந்ததுதானே? 1967 தேர்தலுக்கு முன் திமுக பத்து லட்சம் ரூபாய் தேர்தல் நிதி என்று இலக்கு வைத்து, பதினொரு லட்சம் திரட்டியது. விருகம்பாக்கம் மாநாட்டில் அண்ணா வேட்பாளர் பட்டியலை வாசிக்கும்போது, நிதியைத் திரட்டித் தந்த கலைஞரின் பெயருக்குப் பதிலாக 'சைதாப்பேட்டை - திரு. 11 லட்சம்' என்று அறிவித்தார். இடதுசாரிகள் இன்றைக்கும் கடைவீதியில் உண்டியல் குலுக்குகிறார்கள். தமிழ்நாட்டுக்கு இது புதுப் பழக்கம் இல்லை, விட்டுப்போன பழக்கம்.

மூணாறிலிருந்து 22-ஆம் தேதி இரவே கிளம்பிவிட்டோம். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்காமல் எங்களுக்குச் சித்திரை கிடையாது. 23 அதிகாலை வைகைக் கரையில் நிற்கும்போது, பிரசாரத்தில் எதிரெதிராகக் கத்திக்கொண்டிருந்த பல முகங்களை அங்கே பார்த்தேன். சர்க்கரைக் கிண்ணம் ஏந்தி, தோளில் தோள் இடிபட்டு நின்றார்கள். தண்ணீர் பீய்ச்சுகிற ஒரு பையன் எங்கள் எதிர்க்கட்சி பூத் ஏஜென்ட். தோப்பறை என்கிற தோல்பைத் தண்ணீரை என் மேல் தாராளமாகவே அடித்தான். அழகர்கோவிலிலிருந்து வருகிற வழியெல்லாம் அழகர் தங்கிப் போகும் மண்டகப்படிகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ சேர்த்த காசு, யாரோ எழுதிய கணக்கு.

நான் ஊர் வழக்கத்தை அப்படியே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவில்லை. தலைக்கட்டு வரி பல ஊர்களில் விலக்கி வைக்கும் ஆயுதமாகவும் இருக்கிறது. பட்டியல் சமூகத்து வீடுகளில் வரி வாங்க மறுப்பார்கள். வரி வாங்கினால் மரியாதையில் பங்கு கொடுக்க வேண்டும், சாமி அந்தத் தெருவுக்கும் போக வேண்டும், மந்தையில் உட்கார வைக்க வேண்டும். "எங்ககிட்டயும் வரி வாங்குங்க" என்று கேட்டுப் போராடியவர்கள், தாசில்தார் முன்னால் பேச்சுவார்த்தைக்குப் போய் நின்றவர்கள், நீதிமன்றம் வரை போனவர்கள் உண்டு. காசு கொடுப்பதற்காக ஏன் போராடுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வரி கட்டினால் ஊரில் பங்கு உண்டு என்று அவர்களுக்கும் தெரியும், மறுப்பவர்களுக்கும் தெரியும். அதனால் தேர்தல் நிதி என்று வந்தால் முதல் ரசீது அந்தத் தெருவில்தான் எழுதப்பட வேண்டும், பெண்கள் பெயரில் தனியாக எழுதப்பட வேண்டும். தலைக்கட்டு என்ற கணக்கே வேண்டாம், ஆளுக்கு ஒரு ரசீது.

நடைமுறையில் எப்படி என்று கேட்பீர்கள். நம் பாகத்தில் நமக்கு ஓட்டுப் போடுகிறோம் என்று சொல்கிற வீடுகளில் விருப்பப்பட்டவர்களிடம் மட்டும் 20, 50, 100. அதற்கு மேல் வேண்டாம். ஒருவரிடம் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக நன்கொடை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, நாம் அதன் பக்கத்தில்கூடப் போகப் போவதில்லை. ரசீது கட்டாயம். பூத்துக்கு ஒரு நோட்டு. வாக்குப்பதிவு முடிந்த மறுவாரம் மந்தையில், பெண்களும் வந்து உட்காரும் நேரமாகப் பார்த்து, டீ செலவு வரை வாசிக்க வேண்டும். இந்தக் காசில் ஹெலிகாப்டரும் வராது, கட்-அவுட்டும் வராது. டீயும், நோட்டீஸும், ஆட்டோ வாடகையும் வரும். பூத் வேலைக்கு உண்மையில் தேவைப்படுவதும் அவ்வளவுதான்.

இன்னொன்று. முடிவு அறிவித்த 30 நாட்களுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் தேர்தல் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். ஜூன் 4 முடிவு என்றால் ஜூலை 4-க்குள். அதை யார் வேண்டுமானாலும் ஒரு ரூபாய் கட்டணம் கட்டிப் பார்க்கலாம் என்று விதி இருக்கிறது. ஜெயித்தவர், தோற்றவர், எங்கள் வேட்பாளர் எல்லாருடைய கணக்கையும் போய்ப் பார்க்கலாம் என்று எங்கள் பூத் கமிட்டிப் பெண்கள் சிலர் முடிவு செய்திருக்கிறோம்.

எங்கள் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிகிறது. ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது, ஒன்றியக் கவுன்சிலருக்கு உண்டு. தொடங்குவதற்கு ஒன்றியக் கவுன்சிலர் வார்டுதான் சரியான அளவு. நாலைந்து ஊர், எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரியும், ரசீது கேட்டால் ஓடி ஒளிய முடியாது. அடுத்த ஒன்றியச் செயற்குழுவில் இதைத் தீர்மானமாக எழுதிக் கொடுக்கப் போகிறேன். மேலூர், கொட்டாம்பட்டி ஒன்றியங்களில் பூத் வேலை பார்த்தவர்கள், எந்தப் பொறுப்பில் இருந்தாலும், கூடக் கையெழுத்துப் போடச் சம்மதம் என்றால் இன்பாக்ஸில் பெயரும் பாக எண்ணும் அனுப்புங்கள்.