காப்ளி லண்டனில் உருவானவர் அல்ல

18ஆம் நூற்றாண்டு அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கிள்டன் காப்ளியைப் பற்றி, "லண்டன் போன பிறகுதான் அவர் ஓவியரானார், பாஸ்டனில் அவரைச் சீண்ட ஆளில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. 1774இல் கப்பலேறும்போதே அவர் பாஸ்டனின் முதல்நிலை உருவப்பட ஓவியர். ஊரின் பெரிய வணிகர்கள் அவர் முன் அமர்ந்து படம் எழுதிக்கொண்டார்கள்.

1765இல் தம்பி ஹென்றி பெல்ஹாமை வரைந்தார். பையன் கையில் தங்கச் சங்கிலி, அதன் மறுமுனையில் ஒரு பறக்கும் அணில், மேசைமேல் பாதி நீருள்ள கண்ணாடிக் குவளை. பளபளக்கும் மேசைப் பரப்பில் எல்லாம் நிழலாடும். அடுத்த ஆண்டு லண்டன் கண்காட்சியில் இதைப் பார்த்து அன்றைய புகழ்பெற்ற ஆங்கில ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸே பாராட்டினார். வரைந்தவர் அதுவரை ஐரோப்பாவை மிதித்ததே இல்லை! 1768இல் வரைந்த, பாஸ்டன் வெள்ளிக்கொல்லர் பால் ரெவியரின் படத்தையும் பாருங்கள். வெள்ளித் தேநீர்க் கூஜாவின் வயிற்றில் ரெவியரின் விரல்கள் பிரதிபலிக்கும். நான் அந்த இடத்திலேயே நெடுநேரம் நின்றுவிடுவேன்.

சரி, ஒரு பாதி உண்மை இருக்கிறது. பாஸ்டன்காரர்கள் ஓவியத்தைத் தச்சு, தையல் போன்ற தொழிலாகவே நினைக்கிறார்கள் என்று காப்ளியே வருந்தி எழுதினார். அங்கே உருவப்படத்துக்குத்தான் கிராக்கி, வரலாற்று ஓவியம் கேட்பாரில்லை. லண்டன் தந்தது அந்த வாய்ப்பைத்தான். 1778இல் சுறாவிடம் சிக்கிய வாட்சன், 1781இல் சாத்தம் பிரபுவின் மரணம், அப்புறம் மேஜர் பியர்சனின் மரணம் என்று பெரிய படங்கள் வந்தன. 1779இல் லண்டனின் கலைஞர் அமைப்பான ராயல் அகாடமியின் முழு உறுப்பினரும் ஆனார்.

இன்னொன்று: போகும்போது அரசியலும் துரத்தியது. 1773இல் பிரிட்டிஷ் வரியை எதிர்த்தவர்கள் பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டிய தேயிலையை வரவழைத்தவர்களில் அவருடைய மாமனாரும் ஒருவர்.