கல் தரையில் ஐந்து துளைகள்

நகரத்தின் நடுவே நிற்கும் பழைய கட்டடம் ஒன்றைச் சொகுசு ஹோட்டலாக மாற்றுகிறார்கள் என்று எங்காவது செய்தி வந்தால் போதும், நண்பர்கள் அதை எனக்கு அனுப்பிவிடுவார்கள். பாதிப் பேர் "அப்பாடா, கட்டடம் பிழைத்தது" என்று எழுதுவார்கள். மீதிப் பேர் "முடிந்தது கதை, பணக்காரர்களுக்கு விற்றுவிட்டார்கள்" என்பார்கள். இருபத்திரண்டு வருஷமாகப் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிற பொறியாளன் நான். இப்படி ஹோட்டலாக மாறிய கட்டடங்களிலும் வேலை செய்திருக்கிறேன். இந்த இரண்டு பேச்சோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்பதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. அதனால் இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் ஒன்று. ஆள் புழங்காத கட்டடம் செத்துப்போகும். இடி விழுந்து சாவதில்லை, சத்தமே இல்லாமல் சாகும். கூரையில் ஒரு ஓடு நகரும். அந்த இடைவெளி வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் சுவருக்குள் போய், மர உத்திரம் சுவரில் செருகியிருக்கும் முனையில் தேங்கும். உத்திரத்தின் நடுப்பகுதி வெளியே தெரியும், முனை தெரியாது. நடுவே இரும்பு போல இருக்கிற மரம் முனையில் பொடிப்பொடியாகக் கிடக்கும். வீட்டில் ஒருவர் குடியிருந்தால் முதல் மழையிலேயே ஈரத்திட்டைப் பார்த்துவிட்டு ஆளைக் கூப்பிடுவார். பூட்டிக் கிடந்தால் பத்து மழை கழித்துத் தளம் விழுந்த பிறகுதான் தெரியும்.

உலகம் முழுக்கப் பாதுகாப்பு வேலை செய்பவர்கள் அடிப்படையாகக் கொள்ளும் 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனமும் ஐந்தாவது பிரிவில் இதைத்தான் சொல்கிறது. சமூகத்துக்குப் பயன்படும் ஒரு வேலைக்கு வைத்துக்கொண்டால் நினைவுச்சின்னத்தைக் காப்பது எளிது என்கிறது. ஆனால் அதே மூச்சில், அந்தப் பயன்பாட்டுக்காகக் கட்டடத்தின் அமைப்பையோ அலங்காரத்தையோ மாற்றக் கூடாது என்றும் சொல்கிறது. முதலீட்டாளர்கள் கூட்டத்தில் முதல் பாதியை எல்லோரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இரண்டாவது பாதியை வாசித்துக் காட்டுவது பெரும்பாலும் என் வேலையாகத்தான் இருந்திருக்கிறது.

ஹோட்டலாக்குவதில் எனக்கு எதிர்ப்பே இல்லை. பழைய கட்டடத்தின் செலவைத் தாங்கும் தொழில்கள் மிகக் குறைவு. அருங்காட்சியகம் எத்தனைதான் வைக்க முடியும்? ஹோட்டலுக்கு வருமானம் உண்டு, ராத்திரியும் ஆள் உண்டு, சுவரில் கீறல் விழுந்தால் விருந்தாளி பார்க்கும் முன்னே சரிசெய்தாக வேண்டிய கட்டாயமும் உண்டு. ஸ்பெயின் நாடு 1928லேயே பாராதோர் என்று அரசே நடத்தும் ஹோட்டல்களை ஆரம்பித்து, கோட்டை, மடம், அரண்மனை என்று பலவற்றை அந்த வழியில் நிறுத்திக் காட்டியது. சிங்கப்பூரில் 1928இல் கட்டிய ஃபுல்லர்டன் கட்டடத்தில் பெரிய தபால் நிலையம் இருந்தது. 1996இல் தபால் நிலையம் வெளியேறியது, 2001இல் ஹோட்டல் வந்தது, 2015இல் தேசிய நினைவுச்சின்னம் என்று அறிவித்தார்கள். ஹோட்டலான பிறகு கிடைத்த மரியாதை அது.

பூட்டிக் ஹோட்டல் என்ற வகைக்கும் பழைய கட்டடத்துக்கும் இயல்பாகவே பொருத்தம் உண்டு. நியூயார்க்கில் 1984இல் மார்கன்ஸ் ஹோட்டலைத் திறந்த இருவரில் ஒருவரான ஸ்டீவ் ரூபெல், மற்ற ஹோட்டல்களைப் பெரிய பல்பொருள் அங்காடிகளோடும் தன்னுடையதை 'பூட்டிக்' எனப்படும் சின்னத் துணிக்கடையோடும் ஒப்பிட்டார் என்றும், பெயர் அதிலிருந்து பரவியது என்றும் சொல்வார்கள். சிறியதாக இருக்க வேண்டும், ஒன்றைப்போல் இன்னொன்று இருக்கக் கூடாது. இதுதான் அதன் சாரம். பழைய கட்டடத்தில் எந்த இரண்டு அறையும் ஒரே அளவில் இருக்காது. ஒன்றில் ஜன்னல் மூலையில் இருக்கும், ஒன்றில் நடுவே தூண் நிற்கும், ஒன்றுக்கு மூன்று படி இறங்கிப் போக வேண்டும். பெரிய சங்கிலி ஹோட்டல்களுக்கு இதெல்லாம் தலைவலி. பூட்டிக் ஹோட்டலுக்கு இதுதான் சரக்கு.

அப்படியானால் கெட்டுப்போவது எங்கே?

பாத்ரூமில். சிரிக்காதீர்கள், மனதாரச் சொல்கிறேன். நூறு வருஷத்துக்கு முன் கட்டியவர்கள் ஒரு தளத்துக்கே ஒரு குளியலறை வைத்திருந்தால் பெரிது. ஹோட்டலுக்கு அறைக்கு ஒன்று வேண்டும், அதிலும் தொட்டி வேண்டும், மேலே மழைபோல் கொட்டும் ஷவர் வேண்டும். இருபது அறை என்றால், மரத் தளத்துக்கு மேலே இருபது இடத்தில் தண்ணீர் வந்து போகும். குழாய்க்குச் சுவரைக் குடைகிறார்கள், கழிவுநீர்க் குழாயின் சரிவுக்காக உத்திரத்தையே வெட்டுகிறார்கள். நல்ல வடிவமைப்பாளர் வேறு மாதிரிச் செய்வார். அறைக்குள்ளேயே, சுவரையும் கூரையையும் தொடாமல், அலமாரி நிறுத்தியதைப்போல் குளியலறையைத் தனிப் பெட்டியாக நிறுத்துவார். குழாய்கள் அத்தனையும் ஒரே செங்குத்துப் பாதையில் இறங்கும். நாளைக்கு இந்த ஹோட்டலே வேண்டாம் என்றாலும் அந்தப் பெட்டியைக் கழற்றிவிடலாம், அறை பழையபடி நிற்கும். இப்படிக் கழற்றக்கூடிய வேலையைப் பார்த்தால் கைகூப்பத் தோன்றும் எனக்கு.

அடுத்தது சிமெண்ட். இதைப்பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்குப் போதவில்லை. பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தால் எழுந்தது. சுண்ணாம்பு, காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. இறுகிய பிறகும் அதில் நுண்ணிய துவாரங்கள் இருக்கும். தரையிலிருந்து ஏறும் ஈரம் அந்த வழியாக வெளியேறிவிடும். சுவர் மூச்சு விடுகிறது என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். அதன்மேல் "உறுதியாக இருக்கட்டும்" என்று சிமெண்ட் பூசிவிட்டால் ஈரம் உள்ளேயே அடைபடும். அதோடு கரைந்து வந்த உப்பு செங்கலுக்குள்ளேயே படிகமாகி, உள்ளிருந்தபடியே செங்கலை உடைக்கும். வெளியே பூச்சு பளபளவென்று இருக்கும், உள்ளே செங்கல் மாவாகும். திறப்பு விழாவன்று அழகாகத்தான் தெரியும். நாலைந்து வருஷத்தில் பெயிண்ட் கொப்பளித்ததும் "பழைய கட்டடம் அல்லவா, அப்படித்தான்" என்று பழியைத் தூக்கிக் கட்டடத்தின் மேலேயே போடுவார்கள். அதைக் கேட்கும்போது எனக்கு ஆத்திரம் வரும்.

தீ விஷயத்தில் மட்டும் நான் கட்டடத்தின் பக்கம் நிற்க மாட்டேன். ஒரே ஒரு மரப் படிக்கட்டு உள்ள கட்டடத்தில் அந்நியர்களைத் தூங்க வைக்கும்போது, இரண்டாவது வெளியேறும் வழி இருந்தே ஆக வேண்டும். புதுப் படிக்கட்டு கட்டுங்கள். ஆனால் அது புதுப் படிக்கட்டாகவே தெரியட்டும், பழையதைப்போல் வேஷம் போட வேண்டாம்.

வேஷம் என்றதும் இன்னொன்று. முகப்புச் சுவரை மட்டும் முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, பின்னால் மொத்தத்தையும் இடித்துக் கான்கிரீட்டில் எழுப்புவார்கள். தெருவிலிருந்து பார்த்தால் எல்லாம் அப்படியே இருக்கும். கதவைத் திறந்தால் விமான நிலையத்துப் பக்கத்து ஹோட்டல். இதைப் பாதுகாப்பு என்று விளம்பரம் செய்வதை நான் ஒருநாளும் ஏற்கப் போவதில்லை. அமெரிக்காவில் சான்று பெற்ற வரலாற்றுக் கட்டடத்தைப் புதுப்பித்தால், செலவில் 20 சதவீதம் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் வேலை வரையறுத்த தரத்தில் இருக்க வேண்டும், ஐந்து வருஷத்துக்குள் கெடுத்தால் சலுகையைத் திருப்பிக் கட்ட நேரிடும். பொதுப்பணம் கொடுக்கும்போது இப்படிக் கயிறு கட்டிக் கொடுப்பதுதான் நியாயம்.

இதுவரை சொன்னதெல்லாம் சுவரைப்பற்றி. சுவரை ஒழுங்காகக் காப்பாற்றியும் தோற்றுப்போன இடங்கள் உண்டு.

இத்தாலியில் மத்தேரா என்ற ஊர். பாறையைக் குடைந்த குகை வீடுகளில் மக்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். நோயும் நெரிசலும் நாட்டுக்கே அவமானம் என்று 1952இல் சட்டம் போட்டு, சுமார் 15,000 பேரைப் புதுக் குடியிருப்புகளுக்கு மாற்றினார்கள். குகைகள் பல காலம் வெறுமையாகக் கிடந்தன. 1993இல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இன்று அதே குகைகளில் சொகுசு ஹோட்டல்கள் இருக்கின்றன. வேலை நேர்த்தியாகத்தான் செய்திருக்கிறார்கள், கல்லை மதித்திருக்கிறார்கள். இருந்தாலும், எந்தச் சுவருக்குள் வாழ்வது இழிவு என்று ஒரு தாயைக் குழந்தைகளோடு வெளியே அனுப்பினார்களோ, அதே சுவர் இன்று மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அழகு என்று விலைபோகிறது. அந்தத் தாயின் பேரன் உள்ளே வந்து பார்க்க வழி உண்டா? என் கேள்வி அவ்வளவுதான்.

பாஸ்டனில் 1851இல் கட்டிய சார்லஸ் தெரு சிறை, கைதிகளின் அரசியலமைப்பு உரிமையை மீறும் அளவுக்கு நிலைமை மோசம் என்று 1973இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்த இடம். 2007இல் ஹோட்டலாகத் திறந்தது. நடு மண்டபத்தை நன்றாகவே மீட்டெடுத்தார்கள். ஆனால் உள்ளே வந்த மதுக்கூடத்துக்கு வைத்த பெயர் 'அலிபை'. குற்றம் நடந்தபோது நான் அங்கே இல்லை என்று கைதி சொல்லும் அந்தச் சொல்தான். மனிதர்கள் அடைபட்டுக் கிடந்த இடத்தில் அந்தப் பெயர் எனக்கு ஒப்பவில்லை.

ஊரின் நடுப்பகுதி முழுக்க விருந்தாளிகளுக்கே என்று ஆனால் என்ன ஆகும் என்பதற்கு வெனிஸே சாட்சி. 1951இல் அதன் பழைய நகரப் பகுதியில் ஏறத்தாழ 1,75,000 பேர் குடியிருந்தார்கள். 2022இல் அது 50,000க்கும் கீழே போய்விட்டது. பார்சிலோனா 2017இல் நகர மையத்தில் புது ஹோட்டல்களுக்குத் தடை போட்டது. ஆம்ஸ்டர்டாம், ஒரு ஹோட்டல் மூடினால்தான் இன்னொன்று என்று 2024இல் சொல்லிவிட்டது. ஒரு நல்ல ஹோட்டல் தெருவுக்கு உயிர் கொடுக்கும். இருபது வந்தால் அந்தத் தெருவில் பால் வாங்கவும் செருப்புத் தைக்கவும் இடம் இருக்காது.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். தரைத்தளம் ஊருக்குத் திறந்திருக்கட்டும். மேலே அறைகள் விருந்தாளிக்கு, கீழே முற்றமும் மண்டபமும் யாருக்கும். இது நடக்காத காரியம் இல்லை. ஸ்பெயினில் சந்தியாகோ தே கொம்போஸ்தெலாவில் யாத்ரீகர்களுக்காக அரசர் கட்டிய மருத்துவமனை 1954இல் சொகுசு ஹோட்டலானது. நாள்தோறும் முதலில் வந்துசேரும் பத்து யாத்ரீகர்களுக்கு இலவசச் சாப்பாடு போடும் வழக்கத்தை அதற்குப் பிறகும் அங்கே வைத்திருந்தார்கள். நடந்து களைத்து வருகிறவனுக்காக எழுந்த சுவர் அது, அவனை மறக்கவில்லை.

என் சொந்த அனுபவம் ஒன்று. சில வருஷங்களுக்கு முன் நான் வேலை செய்த ஒரு கட்டடத்தில், தரைத்தளத்தில் பல காலம் அச்சகம் இருந்தது. லாபிக்கு ஒதுக்கிய கூடத்தின் கல் தரையில் எண்ணெய்க் கறை ஊறிக் கிடந்தது. கறைக்கு நடுவே இயந்திரத்தைப் பிடித்து நிறுத்திய போல்ட்டுகளின் துளைகள். நான்கு துளைகள் சதுரமாக இருந்தன. ஐந்தாவது ஒரு முழம் தள்ளி, எதனோடும் சேராமல் இருந்தது. அது எதற்கு என்று எங்கள் யாருக்கும் விளங்கவில்லை. அந்தக் கல்லைப் பெயர்த்துவிட்டுப் பளிங்கு போட வேண்டும் என்றார் இன்டீரியர் டிசைனர். மூன்று வாரம் வாதாடிக் கல்லைக் காப்பாற்றினேன்.

ஹோட்டல் திறந்த வாரம். நான் வெளியே வரும்போது வாசலில் எழுபது தாண்டிய ஒருவர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், காவலாளியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ரூம் புக் பண்ணியிருக்கீங்களா சார்?"

"இல்ல தம்பி. இங்க வேலை பார்த்தேன். அந்தத் தரைய ஒரு தடவ பார்த்துட்டுப் போயிடறேன்."

தங்கியிருப்பவர்களைத் தவிர யாரையும் விடக் கூடாது என்று காவலாளிக்கு உத்தரவு. அவர் மேல் தப்பில்லை, பெரியவரிடம் மரியாதையாகத்தான் சொன்னார். பெரியவர் சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பினார். நான் ஓடிப்போய் நிறுத்தினேன். அன்று மேலாளர் ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள் காலை, லாபியில் ஆள் வருவதற்கு முன் கூட்டிப்போக அனுமதி வாங்கினேன்.

வாசலில் செருப்பைக் கழற்றப் போனவரை வேண்டாம் ஐயா என்று தடுத்தேன். கேட்கவில்லை, கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். நான்கு துளைகளையும் ஒவ்வொன்றாகக் காலால் தொட்டுப் பார்த்தார். ஐந்தாவதைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டேன்.

"இது மெஷினுக்கு இல்ல சார். மெஷின் வந்த அன்னைக்கு அளவு தப்பா எடுத்து, மொத துளைய இங்க போட்டுட்டோம். முதலாளி பார்த்தா சத்தம் போடுவாருன்னு மேல காகிதக் கட்டு அடுக்கி மறைச்சிட்டோம். நான் ரிடையர் ஆகிற வரைக்கும் அந்த இடத்துல எப்பவும் ஒரு கட்டு இருக்கும்."

சொல்லிவிட்டுக் குனிந்து அந்தத் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

கட்டடத்தை ஒப்படைக்கும்போது பராமரிப்புக் கையேடு ஒன்று எழுதிக் கொடுப்போம். எந்தச் சுவருக்கு எந்தச் சாந்து, எந்த மாதம் எந்த வடிகாலைத் திறந்து பார்க்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கும். அன்று சாயங்காலம் அதில் ஒரு வரி சேர்த்தேன். லாபித் தரையில் தனியாக இருக்கும் துளையை யாரும் அடைக்கக் கூடாது.