பெட்ரோல் எங்கிருந்து வந்தது?

கலவரங்களைப் பற்றிய படங்கள் மீது எனக்கு ஒரு தீராத மனக்குறை உண்டு. வீடு எரிவதை விலாவாரியாகக் காட்டுவார்கள். அவ்வளவு பெட்ரோல் அந்தத் தெருவுக்கு எப்படி வந்தது, யார் காசு கொடுத்தது, எந்த வீட்டைக் கொளுத்த வேண்டும் என்று யார் கைகாட்டியது என்பதை மட்டும் காட்டவே மாட்டார்கள்.

'பம்பாய்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1995இல் அப்படியொரு படம் எடுக்கத் துணிச்சல் வேண்டும். மணிரத்னம் வீட்டின் மீது குண்டு வீசினார்கள், அதையெல்லாம் மறக்கவில்லை. ஆனால் அந்தப் படம் கையில் தராசோடுதான் நடக்கிறது. இந்தப் பக்கம் ஒரு தலைவர் முழங்கினால் அந்தப் பக்கமும் ஒருவர் முழங்கியாக வேண்டும். கடைசியில் மக்கள் கைகோத்து நிற்கிறார்கள், வெறி அடங்கிவிடுகிறது. படம் பேசும் பம்பாய்க் கலவரத்தை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா ஆணையத்தின் அறிக்கை 1998இல் வெளியானது, அதைப் பாருங்கள். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலுமாக இறந்தவர்கள் 900 பேர். அதில் 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள். ஜனவரித் தாக்குதல்களைச் சிவசேனைத் தலைவர்கள் முன்னின்று நடத்தினார்கள் என்றும், போலீசார் பலர் ஒருதலைப்பட்சமாக நடந்துகொண்டார்கள் என்றும் அறிக்கை சொல்கிறது. இந்தக் கணக்குக்கு அந்தத் தராசில் இடமில்லை.

'ரெண்டு பக்கமும் வெறி பிடிச்சவங்கதான்' என்று சொல்லிவிட்டு எழுந்து போவது பார்க்கிறவனுக்கும் வசதி, ஏவிவிட்டவனுக்கும் வசதி.

மாசிடோனிய இயக்குநர் மில்ச்சோ மான்செவ்ஸ்கியின் 'பிஃபோர் தி ரெயின்' (1994) இந்த விஷயத்தில் என்னை ரொம்பவே குழப்பிய படம். மாசிடோனியர்களுக்கும் அங்கே வாழும் அல்பேனியர்களுக்கும் இடையிலான பகையைச் சுற்றி மூன்று கதைகள், முடிவு போய்த் தொடக்கத்தில் முட்டுகிறது. பழிக்குப் பழி ஓயாது என்பதைக் கதையின் அமைப்பே சொல்லிவிடுகிறது. மனதைப் பிசையும் படம்தான். ஆனால் அது எடுக்கப்பட்டபோது மாசிடோனியாவில் போரே இல்லை, மோதல் வெடித்தது 2001இல். அதே பால்கன் பகுதியில், பக்கத்தில் போஸ்னியா பற்றி எரிந்துகொண்டிருந்த அந்த வருடங்களில், 'பால்கன்காரர்கள் காலங்காலமாகவே இப்படித்தான்' என்று சொல்லியே மேற்கு நாடுகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றன. அந்தப் பேச்சுக்கு இந்தப் படமும் தெரியாமல் துணைபோய்விட்டது என்றுதான் நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் அது யாரும் சொல்லாத அளவுக்குச் சரியாகச் சொன்னது. அல்பேனியப் பெண் ஸமீராவைச் சுடுவது எதிரி இல்லை, அவளுடைய சொந்த அண்ணன். அவளைக் காப்பாற்றப் போன மாசிடோனியப் புகைப்படக்காரன் அலெக்சாண்டரைச் சுடுவதும் அவன் சொந்தக்காரன்தான். கும்பலோடு சேர மறுக்கிறவனுக்குத் தன் வீட்டுத் துப்பாக்கியே முதலில் திரும்பும். கலவரங்களைக் கண்டவர்களுக்கு இது தெரியும்.

யாஸ்மிலா ஷ்பானிச்சின் 'குவோ வாடிஸ், ஐடா?' (2020) வந்த பிறகு என் குறை பாதி தீர்ந்தது. 1995 ஜூலை, போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா நகரம். போஸ்னிய செர்பியப் படை கொன்ற முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் 8,000க்கும் மேல். படத்தில் ரத்தம் அநேகமாக இல்லை. பேருந்துகள் வருகின்றன. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் என்று பிரிக்கிறார்கள். ஐ.நா. முகாமின் மொழிபெயர்ப்பாளர் ஐடா, காப்பாற்றப்படுவோர் பட்டியலில் தன் கணவன், மகன்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கெஞ்சுகிறாள். துப்பாக்கியோடு நிற்கும் ஒரு செர்பியச் சிப்பாய் அவளுடைய பழைய மாணவன். டீச்சருக்கு வணக்கம் சொல்லி, அவள் மகனை நலம் விசாரிக்கிறான்! அந்த இடத்தில் எனக்குக் கை நடுங்கியது. அத்தனை பேருந்துகளுக்கும் யாரோ டீசல் ஒதுக்கியிருக்க வேண்டும், யாரோ ஓட்டுநர்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும். வெறி தானாகப் பேருந்து பிடிக்காது.

நம் கதையும் இதேதான். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடிவந்தவர்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. வெலிக்கடைச் சிறையில் ஜூலை 25, 27 ஆகிய இரண்டே நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். பூட்டிய சிறைக்குள் எந்த ஆத்திரக் கும்பல் தானாகப் புகும்? அடுத்த வருடம் டெல்லியில் சீக்கியர் வீடுகளை அடையாளம் காட்டியதும் இதே மாதிரிப் பட்டியல்கள்தான்.

இதைப் படமாக எடுக்க யாராவது முன்வந்தால் தீவைப்புக் காட்சிக்குச் செலவே செய்ய வேண்டாம். முந்தின நாள் சாயங்காலம் ஓர் அலுவலகத்தில் அந்தப் பட்டியலை எடுத்துக் கொடுத்தவன், அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தவன், எல்லாம் தெரிந்தும் ஃபோனை எடுக்காத அதிகாரி, இந்த மூன்று பேரை மட்டும் இரண்டு மணி நேரம் காட்டட்டும். முதல் நாள் முதல் காட்சிக்கே நான் டிக்கெட் எடுக்கிறேன்.